பட்டையில் ஊறும் மருந்து: மரங்களின் மருந்துப் பொருள்களை மரபணுக்கள் ஆளும் முறை

ஒரு மரத்தின் வேர்நுனியிலும் இலையிலும் பட்டையிலும் உள்ள உயிருள்ள செல்கள், சிறு விலக்குகள் நீங்கலாக, ஒரே டி.என்.ஏ.வையே தாங்கியிருக்கின்றன. ஆயினும் வேம்பின் அசாடிராக்டின் விதைப் பருப்பிலேயே மிகுதியாகச் சேர்கிறது; சிங்கோனாவின் குயினைன் பட்டையிலேயே திரள்கிறது; யூ மரத்தின் டாக்சால் தண்டின் உள்பட்டைத் திசுவை நாடி ஒதுங்குகிறது. ஆகவே ஒரு மருந்துப் பொருளைச் செய்வதற்கு வேண்டிய மரபணுக்கள் ஒரு மரத்திடம் உள்ளன என்று கூறுவது பாதி விடைதான். அந்த மரபணுக்கள் எந்தத் திசுவில், எந்தப் பருவத்தில், எந்த நெருக்கடியின்போது, எவ்வளவு நேரம் இயங்குகின்றன என்பதே மருந்தின் இருப்பையும் அளவையும் முடிவு செய்கிறது. இவ்வுரை அந்த இயக்க ஏற்பாட்டைப் பற்றியது.

மரபணு என்பது டி.என்.ஏ. இழையில் ஒரு புரதத்தைக் கட்டுவதற்கான குறிப்பு அமைந்துள்ள பகுதி. அக்குறிப்பு முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, அந்தப் படியைக் கொண்டு புரதம் கட்டப்படுகிறது. அவ்வாறு பிறக்கும் புரதங்களுள் வேதிவினைகளை நடத்திவைப்பவை நொதிகள் எனப்படும். குயினைனோ டாக்சாலோ மரபணுவிலிருந்து நேராகப் பிறப்பதில்லை. மரபணு நொதியைத் தருகிறது; நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓர் எளிய மூலக்கூறைத் திருத்தியும் மடித்தும் ஒட்டியும் இறுதிப் பொருளாக்குகின்றன. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் ஊக்குவிப்பான் என்ற ஒரு டி.என்.ஏ. பகுதி இருக்கிறது. அப்பகுதியில் உள்ள குறிப்பிட்ட எழுத்து வரிசைகளை அடையாளம் கண்டு வந்து ஒட்டும் புரதங்களுக்குப் படியெடுத்தல் காரணிகள் என்று பெயர். எந்தக் காரணி வந்து ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து மரபணு முடுக்கப்படும் அல்லது முடக்கப்படும். நொதிக்கான மரபணுக்களைத் தொழிலாளர் எனக் கொண்டால் இக்காரணிகளுக்கான மரபணுக்கள் மேற்பார்வையாளர் ஆகும். மேற்பார்வையாளரும் மரபணுவின் விளைவே என்பதால், மரபணுக்கள் மரபணுக்களை ஆளும் அடுக்குமுறை ஒன்று செல்லுக்குள் நிலவுகிறது.

இத்தகைய கட்டுப்பாடு ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்குப் பொருளாதாரமே விடை. சர்க்கரை, புரதம், கொழுப்பு ஆகியவை இல்லாமல் எந்தச் செல்லும் வாழாது. அவை முதல்நிலைப் பொருள்கள். மனிதர் மருந்தாகக் கொள்ளும் பெரும்பாலான தாவரப் பொருள்கள் இரண்டாம்நிலைப் பொருள்கள் எனப்படுபவை. அவை இல்லாமலும் செல் வாழும், ஆனால் அவை இல்லாத மரம் புழுவுக்கும் பூஞ்சைக்கும் மேயும் விலங்குக்கும் எளிதில் இரையாகும். இடம்பெயர இயலாத உயிருக்கு நஞ்சே காவல். அந்த நஞ்சைச் செய்வதற்குக் கார்பனும் நைட்ரஜனும் ஆற்றலும் செலவாகின்றன. அச்செலவு வளர்ச்சியின் பங்கிலிருந்து எடுக்கப்படுகிறது. மேலும் நஞ்சு செய்யும் செல்லுக்கே நஞ்சாகக்கூடும். எனவே, வேண்டும்போது, வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு மட்டும் செய்யும் மரங்களே பரிணாமத்தில் தங்கின. மனிதருக்கு மருந்து குறைவாகக் கிடைக்கிறது என்ற முறையீட்டின் பின்னால் இருப்பது மரத்தின் இந்தச் சிக்கனமே.

இச்சிக்கனத்தின் விலையை உலகம் அறிந்துகொண்டது பசிபிக் யூ மரத்தின் வழியாகத்தான். 1962-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கிஃபோர்ட் பின்ஷோ தேசியக் காட்டில், புற்றுநோய்க்கு எதிரான தாவரங்களைத் தேடும் அரசுத் திட்டத்துக்காக ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் இம்மரத்தின் பட்டையைச் சேகரித்தார். அப்பட்டையின் சாற்றிலிருந்து மன்றோ வாலும் மன்சுக் வானியும் பிரித்தெடுத்த டாக்சாலின் கட்டமைப்பு 1971-இல் வெளியாயிற்று. அது செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் கலையவிடாமல் இறுக்கி, செல் பிரிவதைத் தடுக்கிறது என்பதைச் சூசன் ஹார்விட்ஸ் 1979-இல் காட்டினார். 1992-இல் சூலகப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, பின்னர் பேக்லிடாக்செல் என்ற பொதுப்பெயரில் உலகெங்கும் பரவியது. இதுவரை வெற்றிக்கதைதான். ஆனால் உலர்ந்த பட்டையில் டாக்சால் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே இருந்தது. ஒரு கிலோ மருந்துக்கு டன் கணக்கில் பட்டை வேண்டும். பட்டையை முற்றிலும் உரித்த மரம் பிழைக்காது. யூ மரமோ மிக மெல்ல வளர்வது. இமயமலையில் வளரும் யூ இனமும் இதே தேவையால் வெட்டப்பட்டு அருகி, 1995-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றது.

யூ இலைகளில் கிடைக்கும் பாதி முடிந்த மூலக்கூறு ஒன்றை எடுத்து, எஞ்சிய பகுதியை ஆய்வகத்தில் ஒட்டும் வழியைப் பிரான்ஸின் பியர் போத்தியே குழுவினர் கண்டனர். இலை மீண்டும் துளிர்க்கும் என்பதால் நெருக்கடி தணிந்தது. மருந்தை முழுக்க முழுக்க வேதிமுறையில் செய்வதையும் 1994-இல் இரு குழுவினர் சாதித்தனர். ஆனால் அதன் படிகள் பல, பயன் சிறிது. மனித வேதியியலுக்கு அவ்வளவு இடர் தரும் வேலையை மரம் சாதாரண வெப்பநிலையில், நீரில், நொதிகளைக் கொண்டே முடித்துவிடுகிறது. அந்த நொதிகள் எவை, அவற்றின் மரபணுக்கள் எவை என்ற தேடல் அப்போதுதான் சூடுபிடித்தது.

டாக்சாலின் பாதை 20 கார்பன்களைக் கொண்ட ஜெரானைல்ஜெரானைல் டைபாஸ்பேட் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறிலிருந்து தொடங்குகிறது. பச்சையத்தின் வால்பகுதி முதலிய பலவற்றுக்கும் எல்லாத் தாவரங்களிலும் இதுவே மூலப்பொருள். யூ மரத்துக்கு மட்டுமே உரியது அடுத்த படி. டாக்ஸாடையீன் சிந்தேஸ் என்ற நொதி அச்சங்கிலியை மூன்று வளையங்களாக மடித்து டாக்ஸாடையீன் என்ற பொருளாக்குகிறது. அந்நொதியின் மரபணுவை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராட்னி குரோட்டோவின் ஆய்வகம் 1996-இல் பிரித்தெடுத்தது. அதன்பின் சைட்டோகுரோம் பி450 என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் வளையங்களின் வெவ்வேறு மூலைகளில் ஆக்சிஜனை ஏற்றுகின்றன. வேறு நொதிகள் அவ்வாக்சிஜன்களின்மீது அசெட்டைல், பென்சாயில் ஆகிய தொகுதிகளைப் பொருத்துகின்றன. இறுதியில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பிறக்கும் பக்கச்சங்கிலி வந்து இணைகிறது. மொத்தம் 20 படிகளை ஒட்டிய இப்பாதையில் எந்த ஒரு படி தளர்ந்தாலும் அதற்கு முந்தைய பொருள் தேங்கும், அல்லது வேறு பக்கம் வழிந்துபோகும்.

2021-இல் யூ இனங்களின் முழு மரபணுத் தொகுதி சீன ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டபோது இப்பாதையின் வரலாறும் ஓரளவு தெரிந்தது. 12 குரோமோசோம் இணைகளில் அடங்கிய அத்தொகுதி ஏறத்தாழ 1,000 கோடி எழுத்துகள் நீளமுடையது. மனிதத் தொகுதியைப்போல மூன்று மடங்குக்கு மேல். இந்தப் பருமனைக் கண்டு யூ மரம் மனிதரைவிட மும்மடங்கு அறிவுடையது என்று எவரும் மயங்க வேண்டியதில்லை. அதில் மிகப்பெரும் பகுதி தன்னைத்தானே படியெடுத்து ஒட்டிக்கொள்ளும் துள்ளும் கூறுகளால் நிரம்பியது. ஆனால் ஒன்று குறிப்பிடத்தக்கது. டாக்ஸாடையீன் சிந்தேஸின் மரபணுக்களும், அதற்கு அடுத்த படியில் ஆக்சிஜனை ஏற்றும் பி450 நொதியின் மரபணுக்களும் ஒன்பதாம் குரோமோசோமில் ஒரே பகுதியில் நெருங்கி அமைந்திருந்தன. ஒரு மரபணு தற்செயலாக இரட்டிப்பாகும்போது மூலப்படி பழைய வேலையைத் தொடர, மற்றப் படி மாறுதலுக்கு உட்பட்டுப் புதிய வேலையைக் கற்றுக்கொள்ள முடிகிறது. யூ மரத்துக்கே உரிய பி450 நொதிகளின் ஒரு கிளை இவ்வாறு பெருகியது. அடுத்தடுத்து அமைந்த மரபணுக்கள் ஒரே சமயத்தில் இயக்கப்படுவதற்கும், சந்ததிக்கு ஒன்றாகச் செல்வதற்கும் அந்நெருக்கம் துணைசெய்கிறது எனக் கருதப்படுகிறது.

யூ மரத்தில் வாழும் பூஞ்சைகளும் தாமே டாக்சால் செய்கின்றன என்று 1993-இல் வெளியான ஆய்வு ஒன்று பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மரத்தை விட்டுவிட்டுப் பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்தால் போதும் என்ற நம்பிக்கை எழுந்தது. பின்னர் 2013-இல் அப்பூஞ்சைகளின் மரபணுக்களைத் துருவியவர்களுக்கு டாக்சால் பாதையின் மரபணுக்கள் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு பொருள் ஓரிடத்தில் காணப்படுவதற்கும் அங்கே அது பிறப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை மரபணுச் சான்று இல்லாமல் தீர்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இனி, ஆணை எவ்வாறு பிறப்பிக்கப்படுகிறது என்பதைப் பார்க்கலாம். ஒரு புழு இலையைக் கடிக்கும்போதோ, ஒரு பூஞ்சை பட்டைக்குள் நுழையும்போதோ, காயமுற்ற செல்லின் பசுங்கணிகச் சவ்வில் உள்ள லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் விடுபட்டு, சில படிகளில் ஜாஸ்மோனிக் அமிலமாகிறது. இதன் நறுமணமுள்ள வடிவமான மெத்தில் ஜாஸ்மோனேட் 1962-இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது தமிழகத்தில் சாதிமல்லி என்றும் பிச்சி என்றும் அழைக்கப்படும் பூவினத்தின் எண்ணெயிலிருந்து. அப்போது அது வாசனைத் தொழிலின் ஒரு செய்தி மட்டுமே. தாவரங்களின் போர்முரசு அதுவே என்பது பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

அமைதிக் காலத்தில் செல்லின் உட்கருவில் மிக்2 முதலிய முடுக்கும் காரணிகள் இருந்தும் இயங்குவதில்லை. ஏனெனில் ஜாஸ் என்று பெயரிடப்பட்ட தடைப்புரதங்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஜாஸ்மோனிக் அமிலம் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்துடன் இணைந்து உட்கருவை அடைந்ததும், காய்1 என்ற புரதமும் ஜாஸ் புரதமும் அதன் இரு பக்கமும் ஒட்டிக்கொள்கின்றன. அவ்வாறு ஒட்டிய ஜாஸ் புரதத்தின்மீது அழிவுக்கான அடையாளம் பதிக்கப்பட்டு, செல்லின் புரதச் சிதைப்பு ஆலையில் அது துண்டாக்கப்படுகிறது. மடைப்பலகையைத் தூக்கிய கணத்தில் தேங்கியிருந்த நீர் வாய்க்காலில் பாய்வதுபோல, புதிதாக எதையும் செய்து காத்திருக்க வேண்டாமல், ஏற்கெனவே ஆயத்தமாக இருந்த மிக்2 உடனே விடுதலை பெற்று ஊக்குவிப்பான்களில் போய் அமர்கிறது. ஜாஸ் புரதங்களின் இப்பங்கு 2007-இல் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறுசெடியில் கண்டறியப்பட்டது. அடிப்படை ஏற்பாடு ஓங்கிய மரங்களிலும் அதுவேயாகும்.

யூ மரச் செல்களைத் தொட்டியில் வளர்த்து, வளர்ப்புக் கரைசலில் மிகச்சிறு அளவு மெத்தில் ஜாஸ்மோனேட் சேர்த்தால் டாக்சால் பன்மடங்கு பெருகுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996-இல் காட்டினர். புழு இல்லை, காயம் இல்லை. முரசு மட்டுமே ஒலித்தது, படை திரண்டுவிட்டது. ஆனால் இந்த ஒலி செல்களின் வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது. முன்னர் கூறிய சிக்கனம் தொட்டிக்குள்ளும் விடாது தொடர்கிறது. எனவே முதலில் செல்களைப் பெருக்கி, போதிய அளவு பெருகிய பின்னரே ஜாஸ்மோனேட் சேர்க்கும் இருகட்ட முறை கையாளப்படுகிறது. மரத்தை வெட்டாமல் செல் வளர்ப்பின் வழியே பேக்லிடாக்செல் செய்யும் தொழில்முறைக்கு 2004-இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது.

மிக்2 வகைக் காரணிகள் எங்கும் முடுக்கிகளே என்று எண்ணிவிடக் கூடாது. யூ செல்களில் அதே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று காரணிகள், ஜாஸ்மோனேட்டின் ஆணையால் தாமே பெருகி, பின் டாக்சால் பாதையின் மரபணுக்களை அடக்குவதை 2015-இல் ஒரு குழு கண்டது. அதே ஆண்டில் வேறொரு குழு, இ.ஆர்.எஃப். என்ற மற்றொரு குடும்பத்தில் ஒரு காரணி டாக்ஸாடையீன் சிந்தேஸின் மரபணுவை முடுக்குவதையும் அதன் உடன்பிறப்பான இன்னொரு காரணி அதே மரபணுவை முடக்குவதையும் வெளியிட்டது. முடுக்கியும் தடையும் ஒரே அழைப்புக்கு ஒருங்கே விழித்தெழுவது முரண்பாடாகத் தோன்றலாம். உண்மையில், தொடங்கிய உற்பத்தி அளவு கடந்து ஓடாமல் தானே அடங்குவதற்கு மரம் செய்துகொண்டுள்ள ஏற்பாடு அது. தொழிற்சாலைகளில் டாக்சால் உற்பத்தி ஏறிச் சில நாள்களில் சரிவதற்கு இத்தகைய தடைகளே காரணமாக இருக்கக்கூடும் என்பதால், மருந்து பெருக விரும்புவோர் முடுக்கியைக் கூட்டுவதைவிடத் தடையை நீக்குவதிலேயே கவனம் வைப்பது பொருத்தம்.

இடம் பற்றிய ஆணை காலம் பற்றிய ஆணையிலிருந்து வேறானது. யூ தண்டின் மரக்கட்டைப் பகுதியில் டாக்சால் மிகக் குறைவு. இலையில் செய்த உணவைக் கீழே கடத்தும் ஃபுளோயம் என்ற உள்பட்டைத் திசுவில் அது மிகுதி. கலப்பின யூ வகை ஒன்றில், இத்திசுவில் மட்டும் ஓங்கி இயங்கும் மிப்3 என்ற படியெடுத்தல் காரணி டாக்சால் பாதையின் மரபணுக்களைத் தூண்டுவதாக 2020-இல் காட்டப்பட்டது. சர்க்கரை ஓடும் வழியே பூச்சியும் பூஞ்சையும் முதலில் குறிவைக்கும் இடம் என்பதை நினைத்தால், காவல் அங்கே நிறுத்தப்பட்டிருப்பதில் வியப்பில்லை.

மேலைத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு நெருக்கமான இன்னொரு மருந்து காம்ப்டோதெசின். சீனாவின் காம்ப்டோதீக்கா அக்யூமினேட்டா மரத்திலிருந்து மன்றோ வாலும் அவருடைய குழுவினரும் இதை 1966-இல் பிரித்தெடுத்தனர். மேலைத் தொடர்ச்சி மலையில் வளரும் நாதபோடைட்டிஸ் நிம்மோனியானா என்ற சிறுமரத்தில் அது மிகுதியாக இருப்பதை, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்கைப் பொருள் வேதியியலுக்கு வித்திட்டவர்களுள் ஒருவரான டி. ஆர். கோவிந்தாச்சாரி, சக ஆய்வாளர் விஸ்வநாதனுடன் சேர்ந்து 1972-இல் கண்டறிந்தார். இன்று பெருங்குடல், சூலகம், நுரையீரல் புற்றுகளுக்குத் தரப்படும் ஐரினோடிகான், டோபோடிகான் ஆகியவை காம்ப்டோதெசினிலிருந்து வடித்தவை. இவ்விரு மரங்களும் தாவரக் குடும்பத்தால் உறவற்றவை. ஆயினும் ஒரே சிக்கலான மூலக்கூறை இரண்டும் செய்கின்றன. இம்மருந்தின் தேவையால் மேலைத் தொடர்ச்சி மலையில் அச்சிறுமரம் பெரும் வெட்டுக்கு ஆளாகி அருகியது.

காம்ப்டோதீக்காவில் இப்பொருளின் தொடக்கப் படிகளுள் ஒன்றை டிரிப்டோஃபான் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி நடத்துகிறது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை அது டிரிப்டமினாக்குகிறது. அதே நொதிக்கு இரண்டு மரபணுக்கள் அம்மரத்தில் உள்ளன என்பதை ஆய்வாளர்கள் லோப்பஸ் மெயரும் நெஸ்லரும் 1997-இல் வெளியிட்டனர். முதல் மரபணு மரத்தின் இளந்தளிர் நுனியிலும் அதை ஒத்த இளம் பகுதிகளிலும் வளர்ச்சியின் அட்டவணைப்படி இயங்குகிறது. எதிரி வந்தாலும் வராவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. இரண்டாம் மரபணுவோ அமைதிக் காலத்தில் உறங்கி, நோய்க்கிருமியின் தடயம் தெரிந்தபோது மட்டும் விழிக்கிறது. இரண்டும் செய்யும் நொதியின் வேலை ஒன்றே. வேறுபாடு முழுதும் முன்னால் உள்ள ஊக்குவிப்பான்களில். மென்மையான தளிருக்கு நிரந்தரக் காவலும், முதிர்ந்த பகுதிக்கு அழைத்தால் வரும் காவலும் ஒரே மரபணுவின் இரட்டிப்பால் அமைந்துவிட்டன. நொதியின் கட்டமைப்பை மட்டும் ஆராய்பவர் கண்ணுக்கு இவ்விரு மரபணுக்களும் ஒன்றாகவே படும். ஆளும் முறையைப் பார்ப்பவருக்கே அவை இரண்டாகத் தெரியும்.

காம்ப்டோதெசின் டி.என்.ஏ.வின் முறுக்கைத் தளர்த்தும் டோபோஐசோமெரேஸ் 1 என்ற நொதியைத் தடுத்துக் கொல்கிறது. அந்நொதி புற்றுச் செல்லிலும் உண்டு, அந்த மரத்தின் செல்லிலும் உண்டு. தன் நஞ்சால் மரம் ஏன் மடியவில்லை என்ற கேள்விக்கு 2008-இல் ஜப்பானில் நடந்த ஆய்வு விடை தந்தது: காம்ப்டோதெசின் செய்யும் காம்ப்டோதீக்காவிலும் ஓஃபியோரைசா செடிகளிலும் அந்நொதியின் ஓரிடத்தில் அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகச் செரின் அமைந்திருக்கிறது. மருந்துக்கு மசியாத மனித ரத்தப்புற்றுச் செல்களிலும் இதே இடத்தில் இதே மாற்றம் முன்னரே காணப்பட்டிருந்தது. மரம் எத்தனையோ தலைமுறைகளில் கண்ட உபாயத்தைப் புற்றுச் செல் குறுகிய காலத்துக்குள் கண்டுகொள்கிறது. மருத்துவர்களுக்கு இது நற்செய்தி அல்ல, ஆனால் எந்த மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டும் என்பதைத் தாவரங்களிலிருந்தே முன்கூட்டி அறியலாம்.

மரபணுவும் சூழலும் சேர்ந்தே மருந்தின் அளவை முடிவு செய்கின்றன என்பதற்கு நீலகிரியில் பழைய சான்று ஒன்று உண்டு. 1860-களில் ஆண்டிஸ் மலையிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்கோனா கன்றுகள் தொட்டபெட்டா, நடுவட்டம் ஆகிய இடங்களில் நடப்பட்டன. உதகை அரசுப் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் கிரகாம் மெக்கைவர், மரத்தின் பட்டையை முழுதும் உரிக்காமல் நீண்ட கீற்றுகளாக மட்டும் எடுத்து, காயமான பகுதியைப் பாசியால் மூடிக் கட்டும் முறையைக் கையாண்டார். மரம் பிழைத்தது; அத்துடன், பாசியின் கீழ் மறுபடியும் வளர்ந்த பட்டையில் குயினைன் முதலிய ஆல்கலாய்டுகள் முன்னைவிட மிகுந்திருந்தன. மரபணு மாறவில்லை, காயமும் இருளும் ஈரமும் சேர்ந்து அதன் இயக்கத்தை மாற்றின என்றே இன்றைய அறிவைக் கொண்டு இதை விளக்க வேண்டும். ஜீன் என்ற சொல்லே 1909-இல்தான் பிறந்தது என்பதால் மெக்கைவருக்கு இவ்விளக்கம் கிடைத்திருக்க வழியில்லை. ஆனால் அளந்து பார்க்கும் பழக்கம் அவர் காலத்தில் இருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

அதே காலத்தில் மரபணுவின் பங்கும் வெளிப்பட்டது. 1865-இல் சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகர், மனுவேல் இன்க்ரா மமானி என்ற பொலிவியப் பழங்குடியினர் தேர்ந்தெடுத்துத் தந்த சிங்கோனா விதைகளில் ஒரு பகுதியை டச்சு அரசுக்கு விற்றார். ஜாவாவில் வளர்ந்த அம்மரங்களின் பட்டையில் இருந்த குயினைன், நீலகிரியில் பரவலாக நடப்பட்ட சிவப்புப்பட்டை இனத்தினதைவிடப் பலமடங்கு. எந்தப் பாசிக்கட்டும் ஈடுகட்ட இயலாத அந்த இடைவெளி குயினைன் வணிகத்தையே ஜாவாவின் பக்கம் சாய்த்துவிட்டது. விதையைத் தேர்ந்த மமானியின் பெயர் மரத்துக்கு வைக்கப்படவில்லை. விற்றவரின் பெயரே நிலைத்தது.

டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை மாறாமலேயே அதன்மீது மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதிகள் ஒட்டிக்கொள்வதாலும் மரபணு முடங்கும். யூ செல்களை ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றி வளர்க்கும்போது டாக்சால் உற்பத்தி படிப்படியாகக் குறைந்துபோவது தொழிலில் பழகிய தொல்லை. அத்தகைய பழைய செல்வரிசை ஒன்றில் மெத்தில் அடையாளங்கள் பெருகியிருந்தன. டாக்சாலின் கடைசிப் படிகளுள் ஒன்றை நடத்தும் நொதியின் ஊக்குவிப்பானிலும் அவை ஏறியிருந்தன. மரபணு தொலையவில்லை, வாய் கட்டப்பட்டது. எனவே உயர்ந்த விளைச்சல் தரும் செல்வரிசைகளை உறைநிலையில் சேமித்து, அவ்வப்போது புதிதாக எடுத்து வளர்க்க வேண்டியதாகிறது.

இந்த ஆளும் முறையே அண்மைக் காலத்தில் தேடும் கருவியாகவும் மாறியிருக்கிறது. பாக்டீரியாவிலும் பூஞ்சைகளிலும் ஒரு பொருளைச் செய்யும் மரபணுக்கள் ஒன்றையொன்று ஒட்டியே அமைவதால், ஒன்றைக் கண்டால் மற்றவை அருகில் கிடைக்கும். மரங்களில் பெரும்பாலும் அவை சிதறிக் கிடக்கின்றன. யூ மரத்தின் ஒன்பதாம் குரோமோசோமில் உள்ளதும் பாதையின் ஒரு பகுதிதான். ஆனால் சிதறியிருந்தாலும் ஒரே ஆணைக்குக் கட்டுப்படுபவை ஒருங்கே எழும், ஒருங்கே அடங்கும். எலிசபெத் சாட்லியின் ஸ்டான்ஃபோர்டு குழுவினர் யூ ஊசியிலைகளைப் பல்வேறு ஹார்மோன்களுக்கும் தூண்டுபொருள்களுக்கும் உட்படுத்தி, ஒவ்வொரு செல் உட்கருவிலும் எந்தெந்த மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன என்பதைத் தனித்தனியே வாசித்தனர். ஏற்கெனவே அறிந்த டாக்சால் மரபணுக்களோடு எந்தச் சூழலிலும் கூடவே எழுந்த மரபணுக்கள் ஐயத்துக்குரியவையாகப் பட்டியலிடப்பட்டன. அவற்றை நிக்கோடியானா பென்தாமியானா என்ற புகையிலை இனச் செடியின் இலையில் புகுத்திச் சோதித்தனர். 2025-இல் வெளியான அவ்வாய்வில் அகப்பட்ட மரபணுக்களுள் ஒன்று எதிர்பாராதது. அது தரும் ஃபோட்டோ1 என்ற புரதம் வழக்கமான நொதிகளின் வகையைச் சேர்ந்ததன்று.

அதன் பங்கை உணரப் பழைய தடை ஒன்றை நினைவுகூர வேண்டும். டாக்ஸாடையீனில் முதல் ஆக்சிஜனை ஏற்றும் பி450 நொதியைப் பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ புகையிலையிலோ இயக்கிய ஒவ்வொரு குழுவும் ஒரே குறையைக் கண்டது: வேண்டிய பொருள் சிறிது, வேண்டாத வளையங்களும் திரிபுகளும் பெரிது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2010-இல் ஈகோலை பாக்டீரியாவை லிட்டருக்கு ஒரு கிராம் அளவு டாக்ஸாடையீன் செய்யவைத்தும் அதற்கு மேல் பாதை எளிதில் நீளாததற்கு இதுவும் ஒரு காரணம். நொதியில் பிழை தேடிப் பலர் ஆண்டுகள் செலவிட்டனர். ஃபோட்டோ1 உடனிருந்தபோது அதே நொதி வேண்டிய பொருளையே பெருமளவு தந்தது. அது நொதியோடு தொடர்புகொண்டு, பாதி வினைப்பட்ட பொருள் திசைமாறாமல் காக்கிறது. நொதியின் மரபணுவை மட்டும் எடுத்துச் சென்றவர்கள் அதன் துணையை யூ மரத்திலேயே விட்டுவந்திருந்தார்கள். இரண்டும் ஒரே ஆணைக்கு எழுகின்றன என்ற குறிப்பே துணையைக் காட்டிக்கொடுத்தது. இம்மரபணுக்களைப் பெற்ற புகையிலை இலை, பேக்லிடாக்செல்லின் முன்னோடியான பக்காட்டின் 3 என்ற பொருளை, யூ ஊசியிலையில் இயல்பாக உள்ளதற்கு ஒப்பான அளவில் செய்தது.

வேம்பின் பக்கமும் இதே வழியில் ஆய்வு நகர்ந்திருக்கிறது. பெங்களூரின் கணித் ஆய்வகத்தார் 2012-இல் வேம்பின் மரபணுத் தொகுதியை வெளியிட்டனர். 2023-இல் சாட்லியும் இங்கிலாந்தின் ஆன் ஆஸ்போர்னும் கூட்டாக, எலுமிச்சை இனத்திலும் வேம்பின் உறவினமான மெலியா அசெடராக் மரத்திலும் 22 நொதிகளைக் கண்டறிந்து, அசாடிராக்டினுக்கு முன்னோடி வகையான அசாடிரோன் வரை பாதையை அமைத்துக்காட்டினர். அங்கிருந்து அசாடிராக்டின் வரையுள்ள படிகளில் மூலக்கூறு மேலும் பல ஆக்சிஜன்களை ஏற்று முறுகுகிறது. வேதியியலாளர் ஸ்டீவன் லேயின் குழுவினருக்கு அப்பொருளை ஆய்வகத்தில் கட்டி முடிக்க 2007 வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அப்படிகளுக்குரிய மரபணுக்களைத் தேடுவோருக்கு மரத்தின் எந்தப் பகுதியை, எந்த நாளில் எடுப்பது என்பதே முதல் முடிவு. பழுத்து உதிர்ந்த வேப்பங்கொட்டையில் பொருள் இருக்கும், ஆனால் அதைச் செய்த மரபணுக்களின் படிகள் அடங்கியிருக்கக்கூடும். பருப்பு திரளும் பிஞ்சுப் பருவத்தில், ஆணை உயிரோடு இருக்கும்போதே, செல்களை எடுத்து வாசிக்க வேண்டும்.